கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9 ஜூலை 2025

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கை பிரிஸ்கில்லாவுக்கு அண்ணன் அமலநாதன் எழுதுவது.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாஸ்லினுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் கார்குழலி சோதித்துச் சொன்னார். எழுதியும் கொடுத்தார்.

நானும் உன் அண்ணி வேளாங்கண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளை ரிச்சர்ட்டும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

காதில் குறை இல்லை என்றால் வேறு எங்கே என்ற கேள்வி வருகிறது. இரண்டரை வயதில் உன் மகளுக்கு ஒரு சொல்கூட இல்லை. வீடியோவில் இது உனக்குத் தெரிந்திருக்காது. அங்கே நீ பேசுவாய், அவள் சிரிப்பாள். வேண்டியதை அவள் வாயால் கேட்பதில்லை. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைக்கிறாள். கோயில் கண்ணாடி ஜன்னலில் இறக்கை விரித்திருக்கும் சம்மனசை விரலால் தள்ளிப் பார்க்கிறாள். படம் நகராவிட்டால் அழுகை.

போன்தான் காரணமா என்று கார்குழலியிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல மாட்டேன் சார். இல்லன்னும் சொல்ல மாட்டேன். எடுத்துட்டுப் பாப்போம்" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார இடமில்லை. எல்லாம் இவள் வயதுப் பிள்ளைகள். முறை வரும்வரை அழாமல் இருக்கப் பாதிப் பேர் கையில் போன் கொடுத்திருந்தார்கள்.

எடுத்துவிடச் சொன்னது எல்லாத் திரையையும். உன் வீடியோ அழைப்பும் அதில் சேரும். குரல் மட்டும் என்றால்? போனில் உன் குரல் கேட்டாலே அதைப் பிடுங்க அடம் பிடிக்கிறாள் என்பதால் அதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வீட்டிலிருந்த இரண்டு போனும் என் ஆபீஸ் இழுப்பறைக்குப் போய்விட்டன. நீ ஆபீசுக்கு அழைக்கலாம். ஆனால் பேசினால் நீ அழுவாய், நான் மழுப்புவேன். முப்பது வருஷம் நிருபராக இருந்தவனுக்கு எழுத்தில் மழுப்ப வராது. கடிதம் எழுது. குழந்தைக்கென்று தனியாக ஒரு தாள் வை. அண்ணி வாசித்துக் காட்டுவாள்.

ஆசீருடன்,
அமலநாதன்


சர்செல், பிரான்ஸ்
25 ஜூலை 2025

அண்ணா,

கடிதம் கிடைத்தது. சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருங்கள். இதற்கு மேல் விசாரிக்க எனக்கு இன்றைக்குப் பொறுமை இல்லை.

திரையை எடுக்கச் சொன்னார்களாம். நான் திரையா? போன வருஷம் மார்ச்சில் எனக்கு விசா வந்தது, குழந்தைக்கு வரவில்லை. அவள் பிறப்பு பிரெஞ்சுப் பதிவில் ஏறி, பிரெஞ்சுக் குடிமகனான இவருடைய லிவ்ரேயில், அந்தக் குடும்பப் பதிவுப் புத்தகத்தில், பெயர் எழுதினால்தான் அவளுக்குப் பாஸ்போர்ட். "மூணு மாசத்துல வந்துடும், நீ முன்னாடி வா" என்றார் இவர். விசாத் தேதி கழிந்துவிடுமே என்று விமானம் ஏறினேன். அப்போது அவளுக்குப் பதினாலு மாசம். அதிலிருந்து நான் அவளுக்கு அம்மாவாக இருந்தது அந்த போனில்தான். அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு எனக்குத் தகவல் சொல்கிறீர்கள்.

நான் வேலையில் இருக்கும் நேரத்தில் அவள் சாப்பிடுவதில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதற்காகத்தானே லீவு நாளில் உட்கார்ந்து, காலை இட்லிக்கு ஒன்று, மதியச் சோற்றுக்கு ஒன்று, தூங்கவைக்க ஒன்று என்று பேசிப் பதிவு செய்து அனுப்பினேன்? "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கிண்ணத்தக் காலி பண்ணிட்டா பிரிஸ்கி" என்று அண்ணி சந்தோஷப்பட்டதை மறந்துவிட்டீர்களா?

குழந்தைக்குத் தாள் வைக்கவில்லை. பேச்சே வராத பிள்ளைக்கு என்ன எழுத?

பிரிஸ்கில்லா


நெல்லித்தோப்பு
12 ஆகஸ்ட் 2025

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

ஜாஸ்லின் ஒரு மாதமாக எந்தத் திரையும் பார்க்கவில்லை. இதற்கு ஆதாரம் நானும் அண்ணியும். எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம் மட்டும் குறைவு. உன் கோபம் நியாயம்தான். உனக்கும் அங்கே வெயில் அதிகம் என்று படித்தேன். தண்ணீர் நிறையக் குடி.

முதல் பத்து நாள் வீடு வீடாக இல்லை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா வாசலுக்கே வந்துவிட்டாள். "போன் இருந்தவரைக்கும் வூட்ல புள்ள இருக்கறதே தெரியாது. இப்பத் தெருவுக்கே தெரியுதே" என்றாள். அண்ணி, "தெரியட்டும் சின்னப்பாப்பா. புள்ள இருந்தா தெரியணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. தையல் கம்பெனி வேலையை அவள் விட்டுவிட்டாள். பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது என்பது உனக்குத் தெரியும். எதற்கும் யாரையாவது கேட்டுக்கொண்டே செய்கிறாள்.

கார்குழலி உன் பதிவுகளைப் பார்த்தார். மதியத்துக்கு உள்ளதை இரண்டு முறை போட்டுப் பார்த்தார். மாதா திருவிழாவுக்குக் கோயிலில் பந்தல் வேலை முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தேர்பவனி. ஜாஸ்லினைத் தூக்கிப்போகலாம் என்று இருக்கிறோம். பாண்டு சத்தத்துக்கு அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

அமலநாதன்


சர்செல்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அண்ணி வேலையை விட்டது எனக்குத் தெரியாது. அவர்களுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதாம் ரெனே என்று ஒரு அம்மா. பிள்ளைகள் எல்லாம் தூர தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை பலகை போலப் பெரிய போனில் முகம் காட்டுவார்கள். பேசி முடித்து அவர்கள் அணைத்த பிறகும் இவர் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து "வி, மதாம்" என்று ஆமாம் போட்டுப் பதில் சொன்னேன். கண்ணாடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார். மேற்பார்வையாளர் வந்து, இன்னும் நாலு அறை பாக்கி என்று நினைவுபடுத்தினார்.

அண்ணா, உங்கள் எழுத்தை நான் சின்ன வயதிலிருந்து படிக்கிறேன். கார்குழலி இரண்டு முறை போட்டுப் பார்த்தார் என்று எழுதிவிட்டு நேராகப் பந்தலுக்குப் போய்விட்டீர்கள். பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார்?

ஜாஸ்லினின் காகிதங்களில் இவர் தரப்பிலிருந்து இன்னும் ஒன்று போகவேண்டியிருக்கிறது. கோயில் கல்யாணமே போதும் என்று பதிவு செய்யாமல் தள்ளிப்போட்டோமே, அதன் வால் இன்னும் நீள்கிறது.

குழந்தைக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எழுதவில்லை. என் கையைத் தாளில் வைத்து, விரல்களைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன்.

பிரிஸ்கி


நெல்லித்தோப்பு
20 செப்டம்பர் 2025

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

ஜாஸ்லின் பேசினாள். கடந்த திங்கட்கிழமை காலை, அடுப்படியில். நான் வாசலில் நின்றேன், என் காதால் கேட்டேன். சொன்னது "வேணாம்."

அண்ணி இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு "வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். கார்குழலி சொல்லிக்கொடுத்த முறை அதுதான். "கூப்பிடுங்க, கேளுங்க, அப்புறம் வாய மூடிக்கிட்டுக் காத்திருங்க. அவளுக்குப் பதிலா நீங்க சொல்லிடாதீங்க." தினமும் அப்படி நின்றிருக்கிறாள், ஒன்றும் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. உடனே அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை பட்டினி கிடக்குமே என்றேன். "சொன்ன வார்த்தைக்கு மரியாத குடுக்கணும்ல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

இனி நீ கேட்டது. எழுதாமல் விட்டது என் தவறு. எழுதிவிடுகிறேன். அந்தப் பதிவில் நீ, "ஜாஸ்லின் குட்டி, அம்மா சொல்லு. அம்... மா" என்கிறாய். கொஞ்சம் நிறுத்துகிறாய். பிறகு கைதட்டி, "சமத்து!" என்கிறாய். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அப்படியே. கார்குழலி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சொன்னாலும் சமத்து, சொல்லலன்னாலும் சமத்து. இவ எதுக்கு சார் சொல்லணும்?"

உன்னைக் குறை சொல்லவில்லை. இப்படி அன்பாக யாரும் பேசி அனுப்பியதைத் தான் பார்த்ததில்லை என்றும் சொன்னார். "குழந்தை ஒரு சத்தம் போடும், எதிர்ல இருக்கறவங்க அதுக்குத் தக்கன ஒண்ணு பண்ணுவாங்க. எத்தனையோ ஆயிரம் வருஷமா மூளை அப்படித்தான் வளந்து வந்திருக்கு. இந்தப் பத்து வருஷத்துக்காக அது வழிய மாத்திக்காது சார். இந்தப் பிள்ளைங்கதான் மாறிப் போகும்" என்றார். இது அவர் கருத்து. நான் சரிபார்த்த செய்தி அல்ல.

எங்கள் ஆபீசிலும் அன்பழகன் என்ற இளைஞர் போனில் உள்ள ஏ.ஐ.யிடம் மூன்று வரி கொடுத்து முப்பது வரிச் செய்தி எழுதி வாங்குகிறார். அந்த இயந்திரம் எதைக் கேட்டாலும் "அருமையான கேள்வி" என்று ஆரம்பிக்கிறது. போன வாரம் பிள்ளைச்சாவடி கடல் அரிப்புக்குப் போய்வந்தார். எத்தனை வீடு போயிருக்கிறது தம்பி என்றால் போனைத் தடவுகிறார். முன்பு இதைப் பார்த்துச் சிரிப்பேன். இப்போது அந்த "அருமையான கேள்வி" எனக்கு "சமத்து" என்று கேட்கிறது.

உன் கை வரைந்த தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

அமலநாதன்


சர்செல்
8 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கடிதத்தைப் பேருந்திலேயே பிரித்துப் படித்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். எல்லோரும் சுகம்தானே?

முதல் சொல்லே "வேணாம்". என் பிள்ளைதான், சந்தேகமில்லை. ரிச்சர்ட்டின் போட்டோவைக் காட்டியபோது நான் சொன்னதும் அதுதான். அப்போது நீங்கள் யாரும் தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை! இதை இவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்துபோய்த் தன் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

பதிவுகளை எல்லாம் என் போனிலிருந்தும் அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். யாரையும் பார்க்காமல் அப்படிச் சிரிக்கிறேன், அண்ணா. எதிரில் சுவர்தான் இருந்தது.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அம்மா சொல்கிறாளா?

பிரிஸ்கி


நெல்லித்தோப்பு
5 நவம்பர் 2025

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

கார்குழலி நேற்று மறுபடி பார்த்தார். முன்னேற்றம் உண்டு என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். நானே கேட்டுக் குறித்த சொற்கள்: வேணாம், வா, காக்கா, மாமா, அங்க, பூ, போச்சு. போச்சு என்பதை விளக்கு அணைந்தால், தண்ணீர் நின்றால், பஸ் கடந்துபோனால் சொல்கிறாள். சரியான இடத்தில்தான் சொல்கிறாள்.

எங்கள் உடல்நிலை பரவாயில்லை. அண்ணிக்கு இடுப்பு வலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. உனக்குக் குளிர் ஆரம்பித்திருக்குமே.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அப்பா அம்மா கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். உன் பேருக்கும் ஒன்று. காற்றில் அது அணைந்தது, ஜாஸ்லின் "போச்சு" என்றாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி ஏற்றினேன்.

ஊரில் நல்ல மழை. கனகசெட்டிக்குளம் பக்கம் படகுகள் போகவில்லை.

அமலநாதன்


சர்செல்
22 நவம்பர் 2025

அண்ணா,

சுகம். சுகம் அறிய ஆவல்.

ஏழு சொல் எழுதியிருக்கிறீர்கள். மாமா இருக்கிறது. மாமாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய வேறு எதுவும் இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. இல்லை என்றால் "இன்னும் சொல்லவில்லை" என்று எழுதியிருப்பீர்கள், உங்களுக்கு அது கஷ்டமில்லை. எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்றால் சொல்கிறாள். யாரிடம் என்று மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

பிரிஸ்கில்லா


நெல்லித்தோப்பு
10 டிசம்பர் 2025

அன்புள்ள பிரிஸ்கிக்கு வேளாங்கண்ணி எழுதுறது.

நல்லா இருக்கியா? மாப்பிள்ள நல்லா இருக்காரா? குளிருக்குக் காதக் கட்டிக்க. எனக்கு உங்க அண்ணன் மாதிரி எழுத வராது, பேசற மாதிரிதான் வரும்.

உன் லெட்டரப் படிச்சுட்டு அவரு நாலு நாளா பேனாவ எடுக்கறாரு, வெக்கிறாரு. அதான் நானே எழுதறேன். என்னத்தான் கூப்பிடறா. அக்டோபர்லேர்ந்து. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க அவங்க அம்மாவக் கூப்பிடறதக் கேட்டுட்டு என்னப் பாத்து சொன்னா.

"அத்தைடி, அத்தைன்னு சொல்லு"ன்னேன். மறுபடி அதையேதான் சொன்னா. ரெண்டு நாளு நான் திரும்பியே பாக்கல பிரிஸ்கி. சத்தியமா. அவ கூப்பிடறா, நான் பாத்திரம் கழுவற மாதிரி நிக்கிறேன். மூணாம் நாளு கூப்பிடறத நிறுத்திட்டா. காக்கா, பூ, ஒண்ணும் இல்ல. பழையபடி கையப் புடிச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டா.

கார்குழலிக்கிட்ட ஓடனேன். "கூப்பிட்டா பதில் வரும்னு இப்பதாம்மா நம்ப ஆரம்பிச்சிருக்கா. என்ன பேர் சொல்றாங்கறத அப்புறம் சரி பண்ணிக்கலாம். பதில நிறுத்திடாதீங்க"ன்னாங்க. நான் என்ன செய்ய? அன்னிக்கு சாயந்தரம் திரும்ப ஒரு தடவ கூப்பிட்டா. மெதுவா. என்னம்மான்னு கேட்டேன்.

எனக்கு அது இனிக்கலன்னு எழுதினா பொய். மாதா மேல ஆணையா உன்னோடத எடுத்துக்கணும்னு நெனச்சதில்ல. உன் பேரச் சொல்லித்தான் தெனமும் ஜெபம் பண்றோம். கோவப்படு. எழுதாம மட்டும் இருக்காத.

உன் அண்ணி


சர்செல்
17 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்துமசுக்கும் எழுதவில்லை, வருஷப் பிறப்புக்கும் எழுதவில்லை. ஜாஸ்லினுக்கு மூன்று வயது ஆனதற்கும் எழுதவில்லை. அண்ணனுடைய மூன்று கடிதங்களும் வந்தன. சுகமாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலிக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். நான் எத்தனையோ மாசம் பதில் வராமலே அவளைச் சமத்து என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்ததற்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள்.

கடைசிக் காகிதத்தையும் இவர் கொடுத்துவிட்டார். மே மாதம் 19ஆம் தேதி சென்னையில் இறங்குகிறேன். அதற்குள் அவள் பெயர் லிவ்ரேயில் ஏறிவிட்டால் ஜூனில் அவளைக் கூட்டிப்போக வேண்டும். ஏறாவிட்டால் நான் மட்டும் திரும்ப வேண்டும். இரண்டில் எதற்காக ஜெபம் செய்வது என்று தெரியாமல் கோயிலில் சும்மா உட்கார்ந்து வருகிறேன்.

அண்ணாவிடம் கேளுங்கள். நான் வந்து நின்றால் என் முகத்தையும் விரலால் தள்ளிப் பார்ப்பாளா?

பிரிஸ்கி


நெல்லித்தோப்பு
25 மார்ச் 2026

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கைக்கு,

ஜாஸ்லின் இப்போது இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். "காக்கா அங்க போச்சு" என்பது நேற்றுக் காலை கார்குழலி தன் அறையில் கேட்டு எழுதிக்கொண்டது. வயதுக்கு இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள். இடைவெளி முழுவதும் அடையுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நாங்கள் சுகம். தைலம் வந்தது, அண்ணி தினமும் தேய்க்கிறாள்.

நீ கேட்ட கேள்விக்கு நான் ஊகித்து எழுத விரும்பவில்லை. கார்குழலியிடம் அனுமதி வாங்கி, அவர் முன்னாலேயே உன் போட்டோ ஒன்றை, அச்சிட்டதை, நேற்று அவள் கையில் கொடுத்தோம். நடந்தது இது. பார்த்தாள். சிரித்தாள். விரலால் ஒருமுறை தள்ளினாள். நீ அசைவாய் என்று காத்திருந்தாள். பிறகு போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு "போச்சு" என்றாள். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று அண்ணி சொன்னாள். இரண்டு முறை விட்டுப் பார்த்துவிட்டேன், இனி விடமாட்டேன்.

இன்னொன்றும் நடந்தது, இது வீட்டில், நேற்றுச் சாயங்காலம். சுவரில் ஒட்டியிருந்த உன் கைத் தாள் ஒரு ஓரம் பிய்ந்து தொங்கியது. அவள் அதை இழுத்து எடுத்துவிட்டாள். வழக்கம்போல அண்ணியின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். உன் விரல்கள் நீளம், அண்ணியின் கை அகலம். கோட்டுக்குள் அடங்கவில்லை. அவள் அண்ணியின் கையைத் தூக்கினாள், மறுபடி வைத்தாள். பிறகு "வேற" என்றாள். இந்தச் சொல்லை இதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. யாருடைய கை என்று அவள் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவள் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். காலையில் பார்த்தேன், அங்கேயே இருக்கிறது.

அண்ணி இரண்டு நாளாக ஜாஸ்லினின் துணிகளைத் துவைத்து மடித்துத் தனியாக வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நீ வரும்போது ஓடிவந்து தூக்காதே. கார்குழலி சொல்லச் சொன்னார். வாசலில் நின்று, பேர் சொல்லி ஒருமுறை கூப்பிடு. அப்புறம் பேசாமல் நில்.

தெரியாதவை மூன்று. ஜாஸ்லினின் காகிதம்: மே முதல் வாரத்துக்குள் முடிவு வரும் என்று கான்சுலேட்டில் சொன்னார்கள், எழுதித் தரவில்லை. புது ஊருக்குப் போனால் அவளுக்கு இந்தப் பேச்சு நின்றுபோகுமா, நிலைக்குமா: கார்குழலி ஜூன் இரண்டாம் தேதி பார்த்துவிட்டுச் சொல்வார். உன்னைப் பார்த்து அவள் என்ன சொல்வாள்: மே 19, மதியத்துக்கு மேல் தெரியும், நீ வரும் வழியில் ரயில்வே கேட்டில் கூட்டம் இல்லாவிட்டால்.

ஆசீருடன்,
அமலநாதன்